மாலையில் வெட்டாத இலை

ஏப்ரல் 6, திங்கள்

காலை எட்டுக்கே சுள்ளென்று வெயில். உப்பல் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியவில்லை. நேற்று ஈஸ்டர். மிச்சப் பிரியாணியை அம்மா டிபன் பாக்ஸில் அமுக்கிக் கொடுத்தாள். மதியத்துக்குள் லேசாகப் புளித்துவிட்டது. சாப்பிட்டேன்.

லேபில் இன்று:
- கடைசி ரிப்பீட் இலைகளை லிக்விட் நைட்ரஜன் ஊற்றி இடித்தது. விரல் நுனி மரத்துப்போனது.
- ஆர்.என்.ஏ. எடுத்து மெஷினில் ஏற்றியது.
- கிரணுக்குக் கையுறை கடன் கொடுத்தது. திரும்பி வராது.
- தீசிஸ் மூன்றாம் அத்தியாயம். ஒரு பத்தி. அதையும் அழித்தது.

சாயங்காலம் ரிசல்ட். கன்ட்ரோல் செடி, அதாவது எந்தச் சூடும் காட்டாமல் குளிர் அறையில் சும்மா நின்ற செடி, சூடு வாங்கிய செடி மாதிரியே ஜீன் அளவில் எகிறி நிற்கிறது. ட்யூபை மாற்றிப் போட்டிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. கிரண் எட்டிப் பார்த்துவிட்டு, அக்காவுக்கு ஈஸ்டர் தூக்கம் இன்னும் தெளியவில்லை என்று தெலுங்கில் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். எரிச்சல்.

தீசிஸ் முடிய வேண்டிய மாதம் இது. ஃபெல்லோஷிப் போன டிசம்பரோடு நின்றது.

ஏப்ரல் 7, செவ்வாய்

மறுபடி செய்தேன், மிச்சமிருந்த இலைப்பொடியிலிருந்து. லேப் தோழி ஃபர்ஹானா பக்கத்தில் நின்று ஒவ்வொரு ட்யூபின் பெயரையும் உரக்கப் படித்தாள். நான் போட்டேன். அதே ரிசல்ட். எதையும் மாற்றிப் போடவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் உறைத்தது. அந்த இலைகளை வெட்டிய நாள் ஆட்டோ, பஸ் ஸ்டிரைக். லாலாகுடா வீட்டிலிருந்து பாதித் தூரம் நடந்து, மீதித் தூரம் யாரோ ஒரு அம்மாவின் ஸ்கூட்டியில். போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. காலையில் வெட்ட வேண்டிய கன்ட்ரோல் இலையை லிக்விட் நைட்ரஜனும் வரத் தாமதமாகி, மாலையில்தான் வெட்டினேன். வெட்டிய கையோடு கேட்டுக்கு ஓடினேன்.

எழுதி வைக்கிறேன். நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

நாங்கள் சொல்வது: ஜின்செங் செடிக்குச் சூடு காட்டினால் அதன் வேரில் இருக்கும் கசப்பு மருந்துப் பொருளைத் தயாரிக்கும் ஜீன்கள் பல மடங்கு வேகமாக வேலை செய்கின்றன. கஷ்டம் வந்தால் செடி மருந்து சுரக்கிறது. அழகான கதை. பேப்பர் வந்தாயிற்று. கேப்சூல் கம்பெனி வந்தாயிற்று.

நாங்கள் செய்வது: கன்ட்ரோல் இலையைக் காலை பத்து மணிக்கு வெட்டுகிறோம். அப்புறம் மற்றச் செடிகளைச் சூடு சேம்பருக்கு மாற்றுகிறோம். அவற்றின் இலையை மாலை ஏழு வாக்கில் வெட்டுகிறோம்.

ஒன்று, சூடில்லாத செடி, காலையில். மற்றது, சூடு வாங்கிய செடி, மாலையில். இரண்டு வித்தியாசம் இருக்கிறது. நாங்கள் ஒன்றை மட்டும் பார்த்தோம்.

செடிக்கும் பொழுது தெரியும். குளிர் அறையிலும் சேம்பரிலும் விளக்கு டைமரில் எரிந்து அணைகிறது. அதற்கேற்ப எந்த ஜீன் எப்போது விழிக்கும் என்று செடிக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பி.எஸ்சி. பாடம். சும்மா நின்ற செடியும் மாலையானால் எகிறுகிறது என்றால், சூடு என்னதான் செய்தது?

மாலையிலும் ஒரு கன்ட்ரோல் வெட்டியிருக்க வேண்டும். முதல் திட்டத்தில் அது இருந்தது. பிறகு ஏன் இல்லாமல் போனது என்பது லேபில் எல்லோருக்கும் தெரியும். அப்படி ஒன்று இல்லை என்பதுதான் யாருக்கும் ஞாபகம் இல்லை.

தூக்கம் வராது. ஃபேனில் அனல் காற்று.

ஏப்ரல் 8, புதன்

ஏன் இல்லாமல் போனது:

நான் சேர்ந்த வருஷம் கணக்குப் பிரிவு ஆள் ஒருவன், வேறு லேப் பெண் ஒருத்தியை மாடிப்படியில் மறித்தான். அவள் எழுதிக் கொடுத்தாள். கமிட்டி உட்கார்ந்தது. முடிவு: பெண்கள் ஐந்தரைக்குள் வளாகத்தை விட்டுப் போக வேண்டும். அவனைக் கொள்முதல் பிரிவுக்கு மாற்றினார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறான். ஜின்செங் வேர் வாங்கிய ஆர்டரில் அவன் கையெழுத்து இருக்கிறது.

குளிர் அறைச் சாவி அப்போது எங்களிடம், என்னிடமும் ஃபர்ஹானாவிடமும். கன்ட்ரோல் செடி எங்கள் பொறுப்பு. சூடு சேம்பர் கிரண், மற்ற பையன்கள் பொறுப்பு. ஐந்தரைக்குச் சாவியை செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுப் போவோம். பையன்கள் ஏழு மணிக்கு டீ குடித்துவிட்டு வந்து அவர்கள் சேம்பரில் மட்டும் வெட்டுவார்கள். குளிர் அறைக்காக இன்னொரு ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்க வேண்டும். யாருக்கு அந்த வேலை வேண்டும்? முதல் மாதத்திலேயே மாலைக் கன்ட்ரோல் நின்றுவிட்டது. யாரும் நிறுத்தவில்லை. நின்றுவிட்டது.

எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்களோடு ஆராய்ச்சியில் பாதியையும் அனுப்பிவிட்டார்கள்.

பஸ் ஸ்டாப்பில் ஃபர்ஹானாவிடம் சொன்னேன். முதலில் புரியாத மாதிரி பார்த்தாள். அப்புறம் புரிந்தது. அவள் எனக்கு ஒரு வருஷம் சீனியர். தீசிஸ் கொடுத்துவிட்டாள், வைவா மே மாதம். அவள் தீசிஸ் முழுக்க அந்த கிராஃப்தான். முதல் ரிப்பீட் அவள் கையால் வெட்டியது. பழைய நகரத்தில் அவள் வீட்டில் கல்யாணத்தை இந்த வைவாவைக் காட்டித்தான் தள்ளிப்போட்டிருக்கிறாள்.

"நக்கோ, ஜெஸ்ஸி" என்றாள். "அபீ நக்கோ."

வேண்டாம், இப்போது வேண்டாம். அவ்வளவுதான் சொன்னாள். அவள் பஸ் வந்தது. ஏறிய பிறகும் ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதோ திருடப் போகிறவள் மாதிரி.

ஏப்ரல் 11, சனி

மேடம் வீட்டுக்குப் போனேன், மாரெட்பள்ளி. போனில் சொல்ல முடியாது என்றதும் வரச் சொன்னார்.

மேடம் என் கைடு. பூர்வீகம் மாயவரம். லேபில் எல்லோர் முன்னாலும் இங்கிலீஷ், தனியாக இருந்தால் தமிழ். சனிக்கிழமை சார், அதாவது அவர் கணவர், போவன்பள்ளி மார்க்கெட்டில் மொத்தமாகக் காய் வாங்கி வந்து பக்கத்து ஃப்ளாட்காரர்களோடு பங்கு பிரிப்பாராம். ஹால் தரை முழுக்கத் தக்காளி, பீர்க்கங்காய், கொத்தமல்லிக் கட்டு. மேடம் கீழே உட்கார்ந்து கூறு போட்டுக்கொண்டே கேட்டார். நானும் உட்கார்ந்து கத்தரிக்காயில் பூச்சி பார்த்துக் கொடுத்தேன். நான்கு வருஷ உழைப்பு வீண் என்பதைக் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே சொல்ல வேண்டியிருக்கிறது.

முழுதாகக் கேட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ரிவ்யூவர் இரண்டு பேர் படித்தார்கள், ஒருத்தரும் கேட்கவில்லையே என்றார். கேட்காததால் தப்பு சரியாகிவிடுமா என்றேன். கொஞ்ச நேரம் வெறும் தக்காளி உருட்டினார்.

அப்புறம் ஐந்தரை மணி விஷயத்தைச் சொன்னேன். அந்த விதி இல்லாவிட்டால் இந்தத் தப்பே வந்திருக்காது என்று. அப்போது நிமிர்ந்தார்.

"அந்தக் கமிட்டியில நானும் இருந்தேன் ஜெசிந்தா. நான் கையெழுத்துப் போடலைன்னா, இனிமே லேபுக்குப் பொண்ணுங்களையே எடுக்க வேண்டாம்னு எழுதியிருப்பாங்க. உனக்கு அது தெரியுமா?"

தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது?

கடைசியில் ஒன்று ஒத்துக்கொண்டார். ஜின்செங் இலையை வெட்டினால் அந்த வருஷம் மறுபடி துளிர்க்காது. வேரைக் குளிரில் தூங்கவைத்து எழுப்பினால்தான் அடுத்த இலை. அதனால் புதிதாக ஆரம்பிக்க முடியாது. ஆனால் எட்டுச் செடி இலையோடு நிற்கிறது, கம்பெனிக்காரர்கள் பார்ப்பதற்காக அலங்காரத்துக்கு வைத்தது. அவர்கள் வந்து போனதும் நான் எடுத்துக்கொள்ளலாம். காலைக் கன்ட்ரோல், மாலைக் கன்ட்ரோல், சூடு மூன்றையும் ஒரே நாளில் முறையாக வெட்டிப் பார்க்கலாம்.

கிளம்பும்போது ஒரு பை பீர்க்கங்காய் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 15, புதன்

கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். வெளியே நாற்பத்தொரு டிகிரி. குளிர் அறையில் இருபது. இப்படி ஒரு இடத்தில் வேலையா, சொர்க்கம் என்றார் ஒருவர். கூட்டிப் பெருக்கும் லக்ஷ்மம்மா வாசலில் ஓரமாக நின்றாள். அவளுக்கு உள்ளே வர அனுமதி இல்லை, செருப்பில் மண் இருக்கிறதாம். வந்தவர்கள் எல்லோரும் ஷூவோடு நுழைந்தார்கள்.

கேப்சூல் பெயர் இன்னும் முடிவாகவில்லை. ஐ.டி. ஆட்களுக்கு, டென்ஷன் தாங்குவதற்கு. விளம்பர வாசகத்தைப் படித்துக் காட்டினார்கள். செடி பட்ட கஷ்டம் உங்களுக்குப் பலம் என்கிற மாதிரி. இலையில் ஜீன் ஏறியதைத்தான் நாங்கள் அளந்தோம், வேரில் மருந்து கூடியதா என்று அளக்கவே இல்லை. இதை நான் சொல்ல வாயெடுத்தபோது மேடம் எல்லோரையும் டீக்கு அழைத்தார்.

கஷ்டப்பட்டால் பலம் வரும் என்று யார் கண்டுபிடித்தது? கஷ்டப்பட்டால் செடி வாடும். எங்கள் தெருவில் வந்து பாருங்கள், பலசாலிகள் யாராவது தென்படுகிறார்களா என்று.

செடியோடு போட்டோ. ஒருவர் ஒரு இலையைக் கிள்ளி மென்று பார்த்துவிட்டு, கசக்குது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கிள்ளிய செடி என் எட்டில் ஒன்று. நல்லவேளை, ஒரு சிற்றிலைதான்.

ஃபர்ஹானா இன்று என்னோடு சாப்பிட வரவில்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

திங்கள் மாலை ஏழரை வரை லேபில் இருக்க அனுமதி வேண்டும். நடைமுறை: விண்ணப்பம், கைடு கையெழுத்து, தந்தை அல்லது கணவரின் சம்மதக் கடிதம். அது மட்டும் போதாதாம். சம்மதித்தவரே வந்து செக்யூரிட்டி அறையில் உட்கார்ந்திருக்க வேண்டுமாம், என்னைத் திரும்ப ஒப்படைக்க. என்னை என்ன, ரேஷன் சாமானா?

எனக்கு இருபத்தொன்பது வயது என்றேன். தலைமை செக்யூரிட்டி, வயது கேட்கவில்லை, அப்பா பெயர் கேட்டேன் என்றார்.

கிரண், எதற்கு இந்த வம்பு, நானே எல்லாம் வெட்டி வைக்கிறேன், நீ வீட்டுக்குப் போ என்றான். உதவியாகத்தான் சொன்னான். இரண்டு அறையிலும் ஒரே நேரத்தில் வெட்ட வேண்டும், இரண்டு பேர் வேண்டும் என்றேன். நீ ஏழு மணி என்று எழுதியதெல்லாம் ஏழு மணிதானா என்றும் கேட்டேன். ஏழு, ஏழரை, ஒரு தடவை கிரிக்கெட் மேட்ச் முடிந்து எட்டரை என்றான். ஒளிக்கவில்லை. தப்பு என்றே தெரியாதவனுக்கு ஒளிக்க என்ன இருக்கிறது?

அப்பாவிடம் கேட்டேன். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் ஃபிட்டர், ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம். "இன்னா பாப்பா, நான் இன்னா பண்ணணும் அங்க?" என்றார். சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்றேன். "ஹவ், அது நல்லா வரும் எனக்கு" என்று தலையாட்டினார்.

ஏப்ரல் 20, திங்கள்

நடந்தது.

கா. பத்து: கன்ட்ரோல், இரண்டு செடி. மூன்று செடி சூடு சேம்பருக்கு. மூன்று குளிர் அறையிலேயே.

பகல் முழுக்க வேலை இல்லை. வேலை செய்ய முடியவுமில்லை. அரைமணிக்கு ஒரு தடவை சேம்பர் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன். இலைகள் மெல்லத் தொங்க ஆரம்பித்தன. நன்றாகவே கஷ்டப்பட்டன.

அப்பா ஐந்துக்கே வந்துவிட்டார். ஞாயிறு சர்ச்சுக்குப் போடும் வெள்ளைச் சட்டை. செக்யூரிட்டி அறையில் பிளாஸ்டிக் நாற்காலி, அதில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ரெஜிஸ்டரில் பெயர், உறவு, காரணம் எழுதச் சொன்னார்கள். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று என்னைப் பார்த்தார். மகள் என்று எழுதுங்கள் என்றேன். உறவுக் கட்டத்திலும் அதுதான் எழுதியிருந்தார். இரண்டிலும் மகள்.

ஐந்தரைக்குப் பெண்கள் எல்லோரும் வெளியே போகிறார்கள். நான் மட்டும் உள்ளே. ஃபர்ஹானா கேட்டில் நின்றாள். அப்பாவுக்கு சலாம் சொன்னாள். என்னிடம் நிற்காமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

அந்தக் கட்டிடத்தை மாலை வெளிச்சத்தில் நான் பார்த்ததே இல்லை. காரிடாரில் மேற்கு ஜன்னல் வழியாகச் சிவப்பாக வெயில் விழுகிறது. பையன்கள் ஸ்பீக்கரில் பாட்டு வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள், சிரிக்கிறார்கள், மெஷின் ஃப்ரீயாக இருக்கிறது. பகலில் நாங்கள் வரிசை கட்டி நிற்கும் மெஷின். ஒவ்வொரு நாளும் இவர்களுக்கு இது கிடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. தப்பைக் கண்டுபிடிக்க வந்த நாளில் அதைத்தான் அதிகம் நினைத்தேன். வெட்கமாக இல்லை.

மா. ஏழு: நான் குளிர் அறையில், கிரண் சூடு சேம்பரில். போனில் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி ஒன்றாக வெட்டினோம். இலைகள் லிக்விட் நைட்ரஜனில் சொடக்குப் போட்ட மாதிரி சத்தத்தோடு விழுந்தன.

கீழே வந்தால் அப்பாவும் செக்யூரிட்டியும் நெருங்கிவிட்டார்கள். அவர் அண்ணனும் அதே ஒர்க்‌ஷாப்பாம். அப்பா அவருக்கு ஃபேன் கெப்பாசிட்டர் மாற்றிக் கொடுத்திருந்தார். என்னை ஒப்படைத்ததற்கு ரெஜிஸ்டரில் கையெழுத்து.

பஸ்ஸில் அப்பா கேட்டார்: "வேலை முட்ஞ்சுதா?"

முடிந்தது என்றேன்.

"நல்லபடியா வருமா?"

எது நல்லபடி என்று எனக்கே தெரியவில்லை. நான் நினைத்தது சரி என்றால் என் தீசிஸ் குப்பை. நான் நினைத்தது தப்பு என்றால் தீசிஸ் தப்பிக்கும். வரும் அப்பா என்றேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

ரிசல்ட்.

காலைக் கன்ட்ரோல்: தரையில்.
மாலைக் கன்ட்ரோல்: உச்சியில்.
மாலைச் சூடு: உச்சியில். இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை.

சூடு ஒன்றும் செய்யவில்லை. செடிக்குச் சாயங்காலம் ஆகியிருந்தது, அவ்வளவுதான்.

இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். மதியம் சாப்பிடவில்லை. பாத்ரூமில் போய் நின்றேன், அழுகை வரும் என்று. வரவில்லை. முகம் கழுவினேன். தண்ணீர்த் தொட்டி வெயிலில் கொதித்து, குழாயில் சுடுதண்ணீர்.

வாங்க வேண்டியது: அம்மாவின் பிரஷர் மாத்திரை. குடை. ரீசார்ஜ்.

ஏப்ரல் 28, செவ்வாய்

மேடம் ரூம். கதவைச் சாத்தினார். கிராஃபை நிறைய நேரம் பார்த்தார். அவருக்குப் புரியாமல் இல்லை. என்னைவிட முன்னாலேயே புரிந்திருக்கும், மாரெட்பள்ளியில் தக்காளி உருட்டியபோதே.

சொன்னார்: "எட்டுச் செடி, ஜெசிந்தா. ஒரு கூட்டத்துக்கு ரெண்டு, மூணு. இதை வச்சு முந்தின மூணு ரிப்பீட்டையும் தப்புன்னு சொல்ல முடியாது. இது நீயே எனக்குச் சொல்லியிருப்பே."

உண்மை. அதுதான் கொடுமை. விதிப்படி அவர் சொல்வது சரி. எட்டுச் செடி போதாது. இன்னும் வேண்டும். வேர் வட மாநிலத்து மலை நர்சரியிலிருந்து குளிர்காலத்தில்தான் வரும், அதுவும் புராஜெக்ட் நீட்டித்தால். புராஜெக்ட் நீள வேண்டுமானால் சூடு வேலை செய்கிறது என்று அறிக்கை போக வேண்டும். சூடு வேலை செய்கிறதா என்று பார்க்க, சூடு வேலை செய்கிறது என்று முதலில் எழுதித் தர வேண்டும்.

பேப்பரைத் திரும்பப் பெறலாமே என்றேன். ஃபர்ஹானா பெயர்தான் அதில் முதலில் இருக்கிறது, அவளிடம் போய்ச் சொல் என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். அவருக்கு ரிட்டயர் ஆக இரண்டு வருஷம்.

அப்புறம் இதையும் சொன்னார்: அடுத்த செவ்வாய் உன் ப்ரீ-சப்மிஷன் செமினார், தீசிஸ் கொடுப்பதற்கு முன்னால் எல்லோர் முன்னும் நின்று சொல்ல வேண்டியது. ஸ்லைடில் வெட்டிய நேரத்தைப் போடு. நான் தடுக்க மாட்டேன். யாராவது கேட்டால் நீ பதில் சொல்லு.

தைரியமா, தந்திரமா? தெரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

ஏப்ரல் 29, புதன்

ஃபர்ஹானா தானாக வந்தாள். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்றோம். ரிசல்டைக் காட்டினேன். பார்த்தாள். அவள் என்னைவிட நல்ல ஆராய்ச்சியாளர். ஒரு நிமிடம் அந்த முகம்தான் இருந்தது, அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கும் முகம். அப்புறம் அது போய்விட்டது.

வைவா எட்டாம் தேதி. அது முடிந்தால் வெளியூரில் வேலை, தனியாக ஒரு ரூம், யாரும் நேரம் பார்க்காத ஒரு லேப். இல்லாவிட்டால் ஜூனில் நிக்காஹ், மாப்பிள்ளையை அவள் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். இதெல்லாம் முன்பே தெரியும். மறுபடி சொன்னாள். கெஞ்சவில்லை. செய்தி படிப்பது போல ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

நான்: எட்டாம் தேதி வரை நானாக எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் செமினாரில் யாராவது கேட்டால் பொய் சொல்ல மாட்டேன்.

அவள் யோசித்தாள். டீக் ஹை, சரி, என்றாள்.

இதுதான் என்னால் முடிந்த நேர்மை. பாதி நேர்மை. மீதியை யாராவது கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

மே 3, ஞாயிறு

சர்ச் போகவில்லை. ஸ்லைடு. ஏழாவது ஸ்லைடில் பெரிய எழுத்தில்: கன்ட்ரோல், காலை 10. சூடு, மாலை 7. சிவப்புக் கட்டம் போட்டேன். எடுத்தேன். மறுபடி போட்டேன்.

குழந்தைகூடக் கேட்கும். கண் இருக்கும் யாரும் கேட்பார்கள். கேட்கட்டும்.

கண்ணாடி முன்னால் நின்று பதிலைச் சொல்லிப் பார்த்தேன். மாலைக் கன்ட்ரோல் எடுக்கப்படவில்லை, அதற்குக் காரணம் இதுதான் என்று. கமிட்டி, ஐந்தரை மணி, எல்லாமும். இங்கிலீஷில் நன்றாக வந்தது. அப்பா பக்கத்து அறையிலிருந்து, யாரோடு சண்டை போடுகிறாய் என்று கேட்டார்.

மே 5, செவ்வாய்

வானம் மூட்டம், மழை இல்லை. வேர்வை.

அரங்கு பாதி நிரம்பியிருந்தது. முன்வரிசையில் மேடம், கமிட்டி ஆட்கள் மூன்று பேர். ஓரத்தில் ஃபர்ஹானா, மடியில் கை கோத்து. பின்னால் முதல் வருஷப் பிள்ளைகள், வருகைப் பதிவுக்காக.

ஏழாவது ஸ்லைடில் நின்றேன். தேவைக்கு மேல் நேரம் நின்றேன். தண்ணீர் குடித்தேன். யாரும் அசையவில்லை. ஒரு கமிட்டி ஆள் போனில் ஏதோ தள்ளிக்கொண்டிருந்தார். அடுத்த ஸ்லைடு. அடுத்தது. நன்றி.

கேள்வி நேரம். ஒருவர், இதைத் தெலங்கானாவில் நிலத்தில் பயிரிட முடியுமா என்றார். முடியாது என்றேன். ஒருவர், சர்க்கரை நோயாளிகள் சாப்பிடலாமா என்றார். தெரியாது என்றேன். சிரித்தார்கள். தலைவர் முடித்துவைக்க மைக்கை எடுத்துவிட்டார்.

அப்போது பின்வரிசையில் ஒரு கை. முதல் வருஷப் பெண், பெயர் தெரியாது, இரட்டைப் பின்னல். எழுந்து நின்று ஏழாவது ஸ்லைடைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். மெல்லிய குரல், ஆனால் தடுமாற்றம் இல்லை. "மேம், ஈவினிங் கன்ட்ரோல் எங்க இருக்கு?"

மேடம் குனிந்து தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபர்ஹானா என்னைப் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தாள்.

குளிர் அறையில் வெப்பமும் வெளிச்சமும் நாள் முழுக்க ஒரே மாதிரி வைத்திருந்தோம், அதனால் காலை, மாலை என்ற வித்தியாசம் செடிக்குத் தெரியாது, தனியாக மாலைக் கன்ட்ரோல் தேவைப்படவில்லை என்றேன். ஒரு இடத்திலும் குரல் நடுங்கவில்லை. ஒத்திகை பார்த்த பதிலைவிட நன்றாக வந்தது.

"தேங்க்யூ மேம்" என்று உட்கார்ந்தாள். நான் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள்.